டீசல் வானின் காற்று வடிகட்டியையும் எரிபொருள் வடிகட்டியையும் நாமே மாற்றுதல்

டீசல் எஞ்சின் வெளியிலிருந்து உள்ளெடுப்பவை இரண்டு: காற்று, டீசல். இரண்டும் எஞ்சினைச் சென்றடையுமுன் ஒவ்வொரு வடிகட்டியைக் கடக்கின்றன. கடைகளிலும் கராஜ்களிலும் இவற்றை ஏர் பில்டர், டீசல் பில்டர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டும் காலத்துக்குக் காலம் மாற்றப்பட வேண்டியவை. கையில் ஓரளவு ஆயுதங்களும் ஒரு மணி நேரப் பொறுமையும் உள்ள எவரும் வீட்டு முற்றத்திலேயே இதனைச் செய்யலாம்.

கழற்றுவதும் பூட்டுவதும் இலகு. பிழை நேர்வது வேறிடத்தில். காற்று செல்லும் பாதையில் தூசி புகக்கூடாது. டீசல் செல்லும் பாதையில் காற்று புகக்கூடாது. வடிகட்டியை மாற்றிய பின் வண்டி பழுதானதென்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்காகவே.

எடுத்துக்காட்டாக இங்கே கொள்ளப்படுவது ரொயோட்டா ஹையேஸ் வான். 1989 இல் வெளிவந்த அதன் நான்காம் தலைமுறையை இலங்கையில் ‘டொல்பின்’ என்றே பலரும் அழைப்பர். 2எல், 3எல், 5எல் எனப்படும் எஞ்சின்கள் பொருத்தப்பட்ட இவ்வகை வான்கள் பாடசாலைப் பிள்ளைகளையும் திருமண வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு வடக்கு கிழக்கு வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. வேறு வானாக இருந்தால் உறுப்புகள் இருக்கும் இடம் மாறும், அடிப்படை மாறாது.

காற்று எவ்வளவு, தூசி எவ்வளவு

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. ருடோல்ஃப் டீசல் 1893 இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. உள்ளே வந்த காற்று மிகச் சிறிய இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. 3எல் எஞ்சினில் இந்த நெருக்கம் ஏறத்தாழ 22 மடங்கு. அவ்வாறு நெருக்கப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். அதனுள் டீசல் விசிறப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. காற்றுக் குறைந்தால் விசிறிய டீசல் முழுமையாக எரியாது. எரியாத பகுதி கரும்புகையாக வெளியேறும்.

ஒரு சிறிய கணக்கைச் செய்து பார்ப்போம். 3எல் எஞ்சினின் கொள்ளளவு 2779 கன சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 2.8 லீற்றர். நான்கடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இந்த அளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 1000 முறை. ஆகவே நிமிடத்துக்கு 2800 லீற்றர், மணிக்கு 1,68,000 லீற்றர், அதாவது 168 கன மீற்றர். நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறையும். இருபது அடி நீளமும் இருபது அடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட வகுப்பறையின் கொள்ளளவு சுமார் 113 கன மீற்றர். ஒரு மணி நேர ஓட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை வகுப்பறைக் காற்றை அந்த எஞ்சின் குடித்துவிடுகிறது. வன்னியின் கிரவல் வீதியில் முன்னே ஒரு லொறி போய்க்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பார்த்தால் காற்று வடிகட்டியின் அருமை விளங்கும்.

தூசியின் பெரும்பகுதி மணற்பொடி. மணல் இரும்பை அராவும். வடிகட்டியைத் தாண்டிப் போகும் தூசி பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் மெல்ல மெல்லத் தேய்த்து, ஈற்றில் எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கும். டர்போ உள்ள வண்டியானால் நிலைமை இன்னும் மோசம். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அந்தச் சிறு சக்கரத்தில் மணல் பட்டால் அதன் அலகுகள் தேயும்.

எது அடைத்திருக்கிறது என்று அறிதல்

இரண்டு வடிகட்டிகளில் எது அடைத்தாலும் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. வேறுபாட்டைப் புகை சொல்லும். மிதிக்க மிதிக்கக் கரும்புகை வந்து, இழுவை மட்டும் குறைந்தால் காற்றுக் குறைவு என்று ஐயுறலாம். புகை இல்லாமலே வண்டி சோர்ந்து, வேகம் கூடும்போது இழுத்து இழுத்து ஓடினால் டீசல் போதவில்லை எனலாம். இது முடிந்த முடிபு அன்று. தேய்ந்த இன்ஜெக்டரும் கரும்புகை தரும். ஆயினும் கராஜுக்குப் போகுமுன் வீட்டில் பார்க்கத்தக்க முதற்படி இதுதான்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே சரியானது. தூசி வீதியில் ஓடுவோருக்கு அதே கையேட்டில் குறைந்த எல்லை வேறாகத் தரப்பட்டிருக்கும். நம்மில் பலர் அந்த வரியை வாசிப்பதில்லை. எனது வழக்கம், காற்று வடிகட்டியை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை திறந்து பார்த்து 20,000 இல் மாற்றுவது; எரிபொருள் வடிகட்டியை 10,000 இல் மாற்றுவது. வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் கூடாது. புதிய காகிதத்தைவிடச் சிறிது தூசி படிந்த காகிதம் நுண்ணிய தூசியை நன்றாகத் தடுக்கும். படிந்த தூசியே இன்னொரு சல்லடையாகிவிடுகிறது. அத்துடன் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு தூசி உள்ளே விழ வாய்ப்புண்டு.

காற்று வடிகட்டியை மாற்றுதல்

டொல்பின் வானில் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கும். எந்த வானானாலும் எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் பருத்த றப்பர்க் குழாயைப் பின்தொடர்ந்து போனால் கிளிப்புகளால் பூட்டிய ஒரு பெட்டி அகப்படும். அதனுள்ளேதான் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி இருக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, முதலில் பெட்டியின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பலர் தவறவிடும் படி இது. மூடியில் கிடந்த தூசி, மூடியைத் தூக்கியதும் நேரே உள்ளே விழும். பின் கிளிப்புகளை விடுவித்து, வடிகட்டியைச் சரிக்காமல் மெதுவாக எடுக்க வேண்டும். எடுத்த கையோடு எஞ்சின் பக்கம் போகும் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிட வேண்டும். அதன் பிறகே பெட்டியின் உட்புறத்தைத் துடைக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது. பெட்டியில் கிடந்த தூசி குழாய்க்குள் பறக்கும். சில நாட்கள் ஓடாமல் நின்ற வானில் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. என் கைக்கு ஒருமுறை தேங்காய்த் தும்பும் பாதி கடித்த பனங்கொட்டையும் வந்தன.

இப்போது துணியை நீக்கி, குழாயின் உட்சுவரைச் சுத்தமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கவும். துணி சுத்தமாக இருந்தால் நல்லது. மண் ஒட்டினால் பழைய வடிகட்டி சரியாக உட்காராமல் இருந்திருக்கிறது, அல்லது குழாய் எங்கோ வெடித்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போடுவதில் பயனில்லை.

காகித வடிகட்டியைத் தண்ணீரிலோ சவர்க்காரத்திலோ கழுவக்கூடாது. நிலத்தில் தட்டினால் விளிம்பு வளையும். கொம்பிரசர்க் காற்றால் ஊதித்தான் ஆகவேண்டுமென்றால், குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம் நோக்கி ஊத வேண்டும். ஊதிய பின் சுத்தமான பக்கத்தில் ரோர்ச் வைத்து இருட்டில் பார்க்கவும். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி தெரிந்தாலும் அந்த வடிகட்டி குப்பைக்கே.

புதியதை வைக்கும்போது அதன் றப்பர் விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் படிந்திருக்க வேண்டும். கிளிப் ஒன்று பூட்ட மறுத்தால் அழுத்திப் பூட்ட வேண்டாம். வடிகட்டி சரிந்திருக்கிறது என்பது பொருள். கடையில் வாங்கும்போது பழையதையும் கொண்டுபோய் நீள அகலமும் விளிம்பின் தடிப்பும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. பெயர் பொறித்த பெட்டிக்குள் மலிவுச் சரக்கு வருவதுண்டு. மடிப்புகளை எண்ணிப் பார்த்தால் சில வேளை குட்டு வெளிப்படும்.

எரிபொருள் வடிகட்டி ஏன் முக்கியம்

டீசலை அளந்து, அழுத்தி, இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் பம்பு மிக நுண்ணிய இடைவெளிகளோடு செய்யப்பட்டது. அதன் உறுப்புகளுக்கிடையேயான இடைவெளி சில மைக்கிரோன்கள் மட்டுமே. ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமது தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். கண்ணுக்குத் தெரியாத மண்ணும் அங்கே பாறைதான்.

இந்தப் பம்புக்குத் தனியே ஒயில் கிடையாது. தன் வழியே ஓடும் டீசலையே அது வழுக்கலுக்கும் பயன்படுத்துகிறது. அதனால்தான் தண்ணீர் கலந்த டீசல் அவ்வளவு தீங்கானது. தண்ணீருக்கு வழுக்கல் இல்லை, துருப்பிடிக்கவும் வைக்கும். டீசலைவிடத் தண்ணீர் பாரமானதால் வடிகட்டியின் அடியில் தங்கும். அடியில் உள்ள திருகைத் திறந்து அதனை வெளியேற்றலாம். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிவதற்காக, திருகோடு சேர்ந்த ஒரு உணரியும் இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி வெறுமையான தாங்கியின் உட்சுவரில் இரவுக் குளிரில் ஈரம் படிகிறது. கான்களில் சேமித்த டீசலிலிருந்தும் வருகிறது. 2022 இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற காலத்தில் கிடைத்ததைக் கிடைத்த பாத்திரத்தில் சேமித்தோம். மாதக்கணக்கில் நின்ற டீசலின் அடியில் தண்ணீர் சேர்ந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பு வழுவழுப்பு உண்டாகும். அது வடிகட்டியை ஓரிரு நாளில் அடைத்துவிடும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். அந்தத் துணிச்சலை டீசல் பம்பிடம் காட்டுவது நல்லதல்ல. மண்ணெண்ணெய்க்கு வழுக்கல் குறைவு.

மாற்றும் முறை

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அருகில் நெருப்போ புகைபிடிப்பவரோ இருக்கக்கூடாது. பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடவும். டீசல் தாங்கியிலிருந்து வரும் குழாயைத் தொடர்ந்தால் ஒரு வார்ப்புத் தலையும், அதன் கீழே தொங்கும் தகர உருளையும் தென்படும். உருளைதான் வடிகட்டி. தலையின்மேல் கட்டைவிரலால் அழுத்தக்கூடிய கைப்பம்பு இருக்கும்.

சுற்றுப்புறத்தைத் துடைத்துக் கீழே ஒரு தட்டை வைக்கவும். அடித்திருகை ஓரிரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பைச் சிலமுறை அழுத்தினால் அடியில் தங்கியது வடியும். அதனை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்திச் சற்று நேரம் அசையாமல் விட்டுப் பார்ப்பது நல்ல பாடம். கீழே தெளிந்த தண்ணீர்ப் படலம் தெரிந்தால் அடுத்த முறை டீசல் அடிக்கும் நிலையத்தைப் பற்றியும் தாங்கியைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

பின் உணரியின் வயர் இணைப்பை விடுவித்து, பட்டியுள்ள பில்டர்க் குறடால் உருளையைத் திருகிக் கழற்றவும். ஸ்குரூ டிரைவரைக் குத்தித் திருப்புவோரும் உண்டு. தகரம் கிழிந்து மரை தலையிலேயே நின்றுவிட்டால் அன்றைய நாள் போய்விடும். கழற்றிய உருளையின் அடியிலிருந்து உணரியைத் திருகியெடுத்து, அதன் சிறிய ஓ-வளையத்தை மாற்றிப் புதிய உருளையில் பூட்ட வேண்டும்.

அடுத்தது, பழைய உருளையின் மேல்விளிம்பில் இருக்கவேண்டிய றப்பர் வளையம் அதனோடு வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் அது தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு படியை விட்டதால் நான் பட்டதைச் சொல்ல வேண்டும்.

மைத்துனர் பிள்ளைகளை ஏற்றும் வானுக்கு ஒரு டிசம்பர் மாலையில் நான்தான் வடிகட்டி மாற்றினேன். எஞ்சின் உடனே பிடித்தது. எங்கும் ஒரு துளி ஒழுக்கும் இல்லை. அடுத்த நாள் சாதாரண தரப் பரீட்சை. காலையில் வண்டி பிடிக்கவில்லை. கைப்பம்பை அழுத்தியதும் பிடித்தது. ஒன்பது பிள்ளைகளோடு இரண்டு கிலோமீற்றர் போய் வயல்வெளி நடுவே நின்றது. வழியால் வந்த லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினோம். பரீட்சை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் நான்கு பேர் நான் கணிதம் படித்துக்கொடுத்த பிள்ளைகள். மெக்கானிக் வந்து உருளையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், பழைய வளையம் எங்கை?” என்று கேட்டார். அது மேலே ஒட்டியபடி இருந்தது. புதிய வளையம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

ஒழுக்கே இல்லாத இணைப்பு எப்படிப் பழுது செய்தது என்பதைப் பிறகுதான் சிந்தித்தேன். இவ்வகை வான்களில் தாங்கிக்குள் பம்பு இல்லை. எஞ்சினில் உள்ள பம்பு தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. வடிகட்டி அந்த உறிஞ்சு பாதையில் இருக்கிறது. ஆகவே அங்கே சிறு இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வருவதில்லை, காற்று உள்ளே போகிறது. இரவில் வண்டி நிற்கும்போது அந்தக் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் தாங்கிக்கே திரும்பி வடிந்துவிடும். உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் இளநீர் மேலே வராததைப் போலத்தான். வெளிப்புறம் உலர்ந்திருப்பதை வைத்து இணைப்பு இறுகியிருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. மாற்றிய மறுநாட் காலையில் முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடிக்கிறதா என்பதே உண்மையான சோதனை. அதனால் முக்கியமான பயணத்துக்கு முதல்நாள் இந்த வேலையை நான் செய்வதில்லை.

பழைய வளையம் வந்துவிட்டதை உறுதிசெய்த பின் தலையின் அடிப்பரப்பைத் துடைத்து, புதிய வளையத்தில் சுத்தமான டீசலை விரலால் பூசவும். உருளைக்குள் முன்னரே டீசல் நிரப்பிப் பூட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. கைப்பம்பு உள்ள வண்டியில் அது தேவையில்லை. நடுத்துளை வழியே ஊற்றுவது பெரும் பிழை. வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி அது. கானில் இருந்த அழுக்கு வடிகட்டப்படாமலே பம்புக்குப் போகும்.

உருளையைக் கையால் திருகி, வளையம் தலையைத் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று இறுக்கவும். உருளையின் மேலேயே சுற்றளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்க. குறடால் இறுக்கினால் வளையம் நசியும். அடுத்த முறை கழற்றுவதும் பெரும்பாடாகும். அடித்திருகு பூட்டியிருப்பதைப் பார்த்து, உணரி வயரையும் பற்றரியையும் இணைக்கவும்.

இனிக் கைப்பம்பை அழுத்த வேண்டும். தொடக்கத்தில் இலேசாக அமுங்கும், உள்ளிருப்பது காற்று. முப்பது, நாற்பது அழுத்தலின் பின் விரலுக்கு எதிர்ப்புத் தெரியும்; டீசல் நிரம்பிவிட்டது. அந்நேரம் வளையம் உட்காரும் இடத்தை ரோர்ச் வெளிச்சத்தில் பார்க்கவும். எவ்வளவு அழுத்தினாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது. பிறகு எஞ்சினைத் திருப்பலாம். ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் திருப்பக்கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும். பிடித்ததும் சில நிமிடம் மிதிக்காமல் ஓடவிடவும். முதலில் சற்றுத் தடுமாறி ஓடுவது இயல்பே.

புதிய வான்களுக்கு ஓர் எச்சரிக்கை

‘கேடிஎச்’ என்று தொடங்கும் ஹையேஸ் வான்களிலும் அண்மைக்கால டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றிலும் இருப்பது கொமன் ரெயில் முறை. வடிகட்டி வரையுள்ள பகுதி குறைந்த அழுத்தமுடையது. அதனை மேற்சொன்னவாறே மாற்றலாம். அதற்கு அப்பால் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரையுள்ள இரும்புக் குழாய்களில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் செல்லும். பழைய எஞ்சின்களில் காற்றை வெளியேற்ற இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தும் பழக்கத்தை இங்கே ஒருபோதும் பின்பற்றக்கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். காயம் குண்டூசி குத்தியது போலத்தான் தெரியும். வலிக்காவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலை இழக்க நேரிடும்.

கழிவு டீசல்

வேலை முடிந்ததும் தட்டில் அரை லீற்றர் அளவு அழுக்கு டீசலும், நனைந்த துணிகளும், பழைய உருளையும் மிஞ்சும். வேலியோரத்தில் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரைச் சென்று சேரும். குடிப்பதற்கு நமக்கு ஆறும் கிடையாது. கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததாகச் சுன்னாகம் பகுதியில் எழுந்த பிரச்சினையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உருளையைத் தட்டின்மேல் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, வடிந்ததை மூடியுள்ள கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜ் ஒன்றில் கொடுக்கலாம். கானின்மேல் ‘கழிவு’ என்று பெரிதாக எழுதி ஒட்டவும். எழுதாத கானை எடுத்து அடுப்புப் பற்றவைக்கப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.